இங்கிலாந்தின் வடகிழக்கில் எது நிலைத்த அடையாளம்? டர்ஹாம் பேராலயம் முதல் டைன் பாலங்கள் வரை

வடகரைவாசி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நியூகாசிலில் நான் குடியேறிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் லண்டனைச் சுற்றிய களைப்போடு வடக்கே ரயிலேறி வந்து, "இந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பது வழக்கம். நான் பதில் சொல்வதில்லை. ரயில் டர்ஹாமைக் கடக்கும்போது வலப்புற ஜன்னலோரம் உட்காரும்படி மட்டும் முன்கூட்டியே சொல்லி வைப்பேன். வியர் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட பாறை முனையில் பேராலயமும் கோட்டையும் நிற்பதைப் பார்த்தவர்கள் அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு கருத்தை இங்கே வைக்க விரும்புகிறேன். இந்தப் பகுதியின் பெருமைக்குரிய கட்டடங்களை ஆலயம், பாலம், நினைவுச்சின்னம், சிற்பம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறோம். எனக்கோ அவை எல்லாம் ஒரே வேலையின் தொடர்ச்சியாகத் தோன்றுகின்றன. கீழே தாங்கல் இல்லாத வெற்றிடத்துக்கு மேலே பளுவை எப்படிக் கொண்டு செல்வது என்ற ஒரே கேள்விக்கு, கிடைத்த பொருளைக் கொண்டு ஒவ்வொரு தலைமுறையும் விடை தேடியிருக்கிறது.

டர்ஹாம் பேராலயத்தின் வேலை 1093இல் தொடங்கி, மையக் கூடத்தின் கல் கூரையோடு 1133இல் நிறைவுற்றது. பல தலைமுறைகள் கட்டப்பட்ட ஆலயங்களே மிகுந்த ஐரோப்பாவில் இந்த 40 ஆண்டுகள் மிகக் குறுகிய காலம். கூடத்தின் உருண்டைத் தூண்களுக்குச் சுற்றளவு ஏறத்தாழ 6.6 மீட்டர், உயரமும் அதே அளவுதான். அவற்றின் மேல் நெளிவரிகளும் சாய்சதுரங்களும் திருகுவரிகளும் ஆழமாக வெட்டப்பட்டுள்ளன. முதல் முறை சென்றபோது ஒரு தூணின் அருகில் நின்று அந்த வெட்டுக்குள் கை வைத்துப் பார்த்தேன். விரல்கள் முழுவதுமாக உள்ளே சென்றன. இவ்வளவு பருமனான கல்லை இவ்வளவு துணிவாகக் குடைந்தவர்கள், தலைக்கு மேலே ஏறத்தாழ 22 மீட்டர் உயரத்தில் மரத்துக்குப் பதிலாகக் கல்லையே வளைத்துக் கூரையிட்டிருக்கிறார்கள். டைன் ஆற்றின் மேலுள்ள பாலங்களுக்கு இந்தக் கூரைதான் மூதாதை என்று நான் நினைக்கிறேன். நண்பர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கடைக்கால்

ஐயா, நல்ல இழை. நான் கட்டுமானப் பொறியாளன் என்பதால் டர்ஹாம் கூரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

அந்தக் கூரையின் உயிர், குறுக்காகப் பாயும் கல் விலாக்களில் இருக்கிறது. தூண்களுக்கு இடைப்பட்ட நீள்சதுரமான ஓர் அறையின் நான்கு மூலைகளிலிருந்து இரண்டு மூலைவிட்ட விலாக்களை அரைவட்டமாக எழுப்பினால், அவை நடுவில் ஓர் உயரத்தை எட்டும். பக்கவாட்டில் செல்லும் வளைவின் அகலம் அதைவிடக் குறைவு. ஆகவே அதையும் அரைவட்டமாகவே கட்டினால் உச்சி தாழ்ந்துவிடும். கூரை ஒவ்வோர் அறையிலும் ஏறி இறங்கி நிற்கும். டர்ஹாமின் கல்தச்சர்கள் பக்கவாட்டு வளைவைக் கூர்முனையாக்கி அதன் உச்சியை உயர்த்தினார்கள். பிற்காலத்தில் பிரான்சின் பேராலயங்களில் புகழ்பெற்ற கூர்வளைவு, இங்கே கணக்கின் தேவையால் பிறந்தது. அழகு பின்னால் வந்து சேர்ந்தது.

எல்லாம் முதல் முயற்சியிலேயே கைகூடிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பலிபீடப் பகுதியின் மேல் முதலில் இட்ட கல் கூரையில் விரிசல் கண்டு, 13ஆம் நூற்றாண்டில் அதை அகற்றிப் புதிதாகக் கட்டினார்கள். மையக் கூடத்தின் கூரை இன்றும் நிற்கிறது. ஒரே ஆலயத்துக்குள் தவறிய பாடமும் தேறிய பாடமும் இருப்பதால்தான் மாணவர்களை நான் அங்கே அழைத்துச் செல்கிறேன்.

தங்கள் கருத்தை, நியூகாசிலில் டைன் ஆற்றின் மேலுள்ள ஹை லெவல் பாலம் இன்னும் வலுவாக நிறுவும். ராபர்ட் ஸ்டீவன்சன் வடிவமைத்து 1849இல் விக்டோரியா அரசியார் திறந்து வைத்த அந்தப் பாலத்தில் மேல் தளத்தில் ரயிலும் கீழ்த் தளத்தில் சாலையும் செல்கின்றன. வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையில் உடைந்துபோகும்; தேனிரும்பு இழுவிசைக்கு ஏற்றது. ஆகவே வளைவை வார்ப்பிரும்பிலும், அதன் இரண்டு கால்களும் விலகிவிடாமல் பிடித்து நிறுத்தும் நாணைத் தேனிரும்பிலும் அமைத்தார்கள். வில்லும் நாணும் என்று சொன்னால் நம்மவர்களுக்கு உடனே விளங்கும். வளைவின் தள்ளுவிசையை நாணே ஏற்றுக்கொள்வதால், உயரமான கல் தூண்கள் பக்கவாட்டு நெருக்கடி இல்லாமல் நேர்ச்சுமையை மட்டும் தாங்குகின்றன.

படத்தில் அந்தப் பாலம் கறுத்த கூண்டு போலத் தெரியும். அதை நடந்து பார்க்க வேண்டும். கீழ்த் தளத்தின் நடைபாதையில் பாதி தூரம் சென்று நின்றால், இருபுறமும் இரும்புத் தூண்கள் வரிசையாகப் பின்வாங்கிச் செல்வது ஒரு பிரகாரத்தில் நிற்கும் உணர்வைத் தரும். மேலே ரயில் வரும்போது முதலில் ஓசை கேட்பதில்லை, கைப்பிடிக் கம்பியில் அதிர்வு வருகிறது. ஓசை அதன் பிறகுதான் வருகிறது.

செங்கல்சூளை

இங்கிலாந்துக்கு நான் வந்ததில்லை. திருச்சியில் இருந்து படிக்கிறேன். ஓர் ஐயம். நியூகாசிலின் பெரிய வளைவுப் பாலம் சிட்னிப் பாலத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று சிலரும், சிட்னிப் பாலமே இதைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று சிலரும் எழுதுகிறார்கள். எது சரி?

வடகரைவாசி

இரண்டையும் முழுச்சரி என்று சொல்ல இயலாது. டைன் பாலத்தை ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1928 அக்டோபர் 10 அன்று திறந்தார். சிட்னித் துறைமுகப் பாலம் 1932இல் திறக்கப்பட்டது. இந்தத் தேதிகளை மட்டும் பார்ப்பவர்கள் டைன் பாலத்தை மூத்தது என்கிறார்கள். ஆனால் சிட்னிப் பாலத்தின் வடிவமும் ஒப்பந்தமும் முன்னரே முடிவாகிவிட்டன. அது பல மடங்கு பெரியது என்பதால் வேலை முடியக் காலம் பிடித்தது. இரண்டுக்கும் முன்னோடி என்று நியூயார்க்கின் ஹெல் கேட் பாலத்தைச் சொல்வார்கள். இரண்டையும் கட்டிய நிறுவனம் ஒன்றுதான் என்பது இதைவிட முக்கியமான செய்தி: மிடில்ஸ்பரோ நகரின் டார்மன் லாங். தீஸ் ஆற்றங்கரையில் உருக்கிய எஃகு உலகின் மறுபக்கத்து நகரத்துக்கும் அடையாளத்தைக் கொடுத்திருக்கிறது.

டைன் பாலத்தின் வளைவு 162 மீட்டர். இரு கரையிலிருந்தும் அரை அரை வளைவாக ஆற்றின் மேல் நீட்டி, வடங்களால் பின்னிழுத்துப் பிடித்தபடியே வளர்த்து, நடுவில் சேர்த்தார்கள். கப்பல் போக்குவரத்து மிகுந்த ஆறு என்பதால் தண்ணீரில் சாரம் நிறுத்த வழியில்லை. இரு முனைகளிலும் நிற்கும் கிரானைட் கோபுரங்களைப் பார்த்து அவைதாம் பாலத்தைத் தாங்குகின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் வளைவின் பளு கீழேயுள்ள மூட்டுகள் வழியாக அடித்தளத்துக்குச் செல்கிறது. கோபுரங்களுக்குள் சரக்குக் கிடங்குகள் அமைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். உட்தளங்கள் கடைசிவரை கட்டப்படவே இல்லை.

வெறுமையாக நின்ற அந்தக் கல்லில் இன்று கிட்டிவேக் என்ற கடற்காகங்கள் கூடு கட்டுகின்றன. கடலை விட்டு இவ்வளவு தூரம் உள்ளே வந்து அந்தப் பறவை கூடு கட்டும் இடம் உலகில் வேறு இல்லை என்கிறார்கள். 2024இல் தொடங்கிய பாலத்தின் பெரும் பழுதுபார்ப்பு வேலையில் அவற்றின் கூடுகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள் என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

தெருக்கோடி

மன்னிக்க வேண்டும். இந்த இழையை ஆரம்பம் முதல் படித்து வருகிறேன். இதுவரை பேசியவை எல்லாம் வாழ்த்து அட்டைகளில் அச்சாகும் இடங்களாகவே இருக்கின்றன. நான் நியூகாசிலின் பைக்கர் பகுதியில் குடியிருப்பவள். எங்கள் சுவரைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

பைக்கர் சுவர் என்பது வீடுகளால் ஆன சுவர். அறுபதுகளில் இங்கிருந்த பழைய தொழிலாளர் தெருக்களை இடித்தபோது, வடக்கு எல்லையில் பெருஞ்சாலை ஒன்று வருவதாக இருந்தது. ரால்ப் எர்ஸ்கின் என்ற கட்டடக் கலைஞர், அந்த இரைச்சலுக்கும் வடக்குக் காற்றுக்கும் முதுகைக் காட்டி நிற்கும்படி, வளைந்து வளைந்து செல்லும் நீண்ட அடுக்குமாடி வரிசையை அமைத்தார். வடக்கு முகத்தில் சிறு சிறு ஜன்னல்களும் பல நிறச் செங்கற் கோலங்களும் மட்டுமே இருக்கும். தெற்கு முகத்துக்கு வந்தால் வேறோர் ஊருக்கு வந்தது போல இருக்கும்: பச்சையும் நீலமும் சிவப்பும் பூசிய மரத் தாழ்வாரங்கள், கொடிகள், கீழே தாழ்ந்த வீடுகள், அவற்றுக்கிடையே தோட்டங்கள். தம் அலுவலகத்தை எர்ஸ்கின் இங்கேயே, முன்பு ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர் நடத்திய கடையில், திறந்து வைத்தார். குடியிருப்பவர்கள் நேரே உள்ளே நுழைந்து பேச முடிந்தது. 2007இல் அரசு இதை இரண்டாம் நிலை நட்சத்திரத் (Grade II*) தகுதியோடு பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். பழைய தெருக்களில் வாழ்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் புதிய வீடுகளுக்குத் திரும்பி வரவே இல்லை. அவர்களை இங்கேயே வாழ வைப்பதுதான் திட்டத்தின் நோக்கம் என்பதால் இந்தக் குறை சிறியதன்று. இருந்தாலும் நான் இங்கே வந்த நாள் முதலே, மாடித் தாழ்வாரத்தில் வெண்டைக்காயும் கீரையும் பயிரிட முயன்று வருகிறேன். வெண்டை வரவில்லை, தெற்கு வெயில் விழுவதால் வெந்தயக்கீரை நன்றாக வருகிறது. வெயில் எங்கே விழும் என்று சிந்தித்து வைத்த ஒரு மனிதரின் அக்கறையை நான் ஒவ்வொரு நாளும் அனுபவிக்கிறேன். ஆற்றைத் தாண்டுவது மட்டும் அடையாளம் ஆகாது, அண்ணா.

கடைக்கால்

சகோதரி சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். அந்தத் தலைமுறையின் கட்டடங்களில் பைக்கர் தப்பியது. தப்பாமல் போன ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். நியூகாசிலுக்கு எதிர்க்கரையில் உள்ள கேட்ஸ்ஹெட் நகரின் உச்சியில் 1967 முதல் நின்ற டிரினிட்டி சதுக்கத்து வாகன நிறுத்தக் கட்டடத்தை 2010இல் இடித்தார்கள். ஓவன் லூடர் நிறுவனத்தில் ராட்னி கார்டன் வடிவமைத்தது அது. பூச்சு வேலை இல்லாத கான்கிரீட் என்பதால் சென்ட்ரிங் பலகையின் மரவரி கூட அப்படியே பதிந்திருந்தது. ஆற்றின் அக்கரையிலிருந்து பார்த்தால் நகரத்தின் தலையில் ஒரு கிரீடம் போலத் தெரியும். இடித்த கான்கிரீட்டின் துண்டுகளை டப்பாவில் அடைத்து நினைவுப் பொருளாக விற்றார்கள். மக்கள் துண்டுகளை வாங்கி வைத்துக்கொள்ள விரும்பும் ஒரு கட்டடத்தை ஏன் இடிக்க வேண்டும்?

வடகரைவாசி

இந்த ஓர் இடத்தில் நண்பரோடு நான் வேறுபடுகிறேன். நான் வந்த புதிதில் அந்தக் கட்டடத்தில் வண்டி நிறுத்தியிருக்கிறேன். கூரையிலிருந்து நீர் சொட்டும், படிக்கட்டில் மூச்சுவிட முடியாது, உச்சியில் உணவகத்துக்கென்று கட்டிய கண்ணாடி மாடம் ஒரு நாளும் திறக்கப்படவில்லை. அக்கரையிலிருந்து கிரீடமாகத் தெரிந்தது உண்மை. அதற்குள் நடந்தவர்களுக்கு அது அப்படி இருந்ததில்லை. தூரத்துப் பார்வைக்காக மட்டும் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக எழுந்த கடைத்தொகுதியை எந்த ஊரிலும் வைக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சகோதரி தெருக்கோடிக்கு: தங்கள் திருத்தம் சரி. "தாங்கல் இல்லாத வெற்றிடம்" என்று நான் சொன்னதற்குள் பைக்கர் அடங்காது. அதை வலிந்து அடக்கவும் மாட்டேன்.

தீஸ்முனை

மிடில்ஸ்பரோவிலிருந்து எழுதுகிறேன். டார்மன் லாங் என்ற பெயர் மேலே வந்தது. டைன் நதிக்காரர்கள் அதைப் பெருமையோடு சொல்கிறார்கள், நல்லது. அந்தப் பெயரைத் தாங்கி நின்ற கோபுரத்துக்கு என்ன ஆயிற்று என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும்.

ரெட்காருக்கு அருகே, எஃகு ஆலை வளாகத்தில், 1950களின் நடுவில் எழுந்த கான்கிரீட் கோபுரம் அது. கோக் அடுப்புகளுக்கான நிலக்கரியைச் சேமிக்கும் தொட்டியாக இருந்தது. உயரம் ஏறத்தாழ 56 மீட்டர். நெற்றியில் நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்துகளில் இருந்தது. ஆலையில் எஃகு உற்பத்தி 2015இல் நின்ற பிறகு வளாகத்தைப் படிப்படியாக இடித்து வந்தார்கள். 2021 செப்டம்பரில் கோபுரத்துக்கு நாள் குறித்தபோது, அவசரமாக அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். ஒரு வாரத்துக்குள் அமைச்சர் மாறினார், அறிவிப்பு விலக்கப்பட்டது, செப்டம்பர் 19 அன்று அதிகாலையில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பராமரிக்க ஆகும் செலவையும், அந்த இடத்தில் வரவிருக்கும் புதிய தொழில்களையும் காரணமாகச் சொன்னார்கள். வேலை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. இங்கே பிள்ளைகள் வேலை தேடி ஊரை விட்டுப் போவதைக் கண்ணால் காண்கிறவன் நான்.

ஆனால் என் மனம் ஆறவில்லை. பாலத்தைப் போற்றுகிறோம், பாலத்தின் எஃகை உருக்கிய இடத்தின் கடைசிச் சின்னத்தை ஒரு காலைப்பொழுதில் புழுதியாக்குகிறோம். எங்கள் பாலத்தையே பாருங்கள். தீஸ் ஆற்றின் மேல் 1911இல் திறந்த டிரான்ஸ்போர்ட்டர் பாலத்தில், வண்டிகளையும் மனிதர்களையும் ஏற்றிய ஒரு மேடை உயரே உள்ள சட்டத்திலிருந்து வடங்களில் தொங்கியபடியே கரைக்குக் கரை செல்லும். கீழே கப்பல்களுக்குத் தடை இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. 2019 முதல் அந்த மேடை ஓடவில்லை. நிற்கும் பாலத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நான் அந்த மேடையில் ஏறி வேலைக்குப் போனவன். மேடை கரையில் மோதி நிற்கும்போது கால் பெருவிரலில் ஒரு சிறு தட்டு உணரும். அதைப் படம் எடுக்க முடியாது.

வடகரைவாசி

நண்பர் தீஸ்முனையின் பதிவை மூன்று முறை படித்தேன்.

தீஸ் கரையின் கைத்திறன் இன்று டைன் கரையில் நிற்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. கேட்ஸ்ஹெட்டுக்குத் தெற்கே நெடுஞ்சாலையோரம் நிற்கும் வடக்கின் தேவதைச் சிற்பத்தை ஆண்டனி கோம்லி வடிவமைத்தார். அதைச் செய்து முடித்தது ஹார்ட்டில்பூலில் இருந்த ஓர் எஃகுப் பட்டறை. 1998 பிப்ரவரியில் துண்டுகளாகச் சாலை வழியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். உயரம் 20 மீட்டர், சிறகின் அகலம் 54 மீட்டர், எடை 200 டன். மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றைத் தாங்க வேண்டும் என்பதால், தரைக்கு அடியில் 20 மீட்டர் ஆழத்துக்குக் கான்கிரீட் கால்களை இறக்கியிருக்கிறார்கள். நிற்கும் இடம், சுரங்கத் தொழிலாளர்கள் வேலை முடிந்து குளித்த கூடங்கள் இருந்த மண். எழுப்புவதற்கு முன்பு உள்ளூரில் கடும் எதிர்ப்பு இருந்தது. இன்று தங்களவர் நினைவாக அதனடியில் மலர் வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செம்பு கலந்த எஃகு என்பதால் மேலே துரு ஒரு போர்வையாகப் படிந்து உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. கணுக்காலருகே குழந்தைகள் ஏறிச் சறுக்கும் இடத்தில் மட்டும் துரு தேய்ந்து வழவழப்பாகிவிட்டது.

கேட்ஸ்ஹெட் மில்லேனியம் பாலத்தை 2000 நவம்பரில் மிதக்கும் பாரந்தூக்கி ஒரே துண்டாகச் சுமந்து வந்தது. அதன் இணைப்பு வேலை நடந்ததும் கீழாற்றில் வால்சென்டின் தளத்தில்தான். படகு வரும்போது நடைபாதையும் வளைவும் ஒன்றாகச் சாய்ந்து 40 பாகை எழும் அழகைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். இன்று அதை எழுதத் தோன்றவில்லை. தலைப்பில் நான் கேட்ட கேள்வியில், செய்து கொடுத்த இடங்களை விட்டுவிட்டேன்.

செங்கல்சூளை

இந்த இழையைப் படித்த பிறகு நேற்று ஒரு காரியம் செய்தேன். எங்கள் தாத்தா வீட்டின் முன்கட்டு, மெட்ராஸ் டெரஸ் முறையில் செங்கலைச் சாய்த்து அடுக்கிக் கட்டியது. நடுவில் தேக்கு விட்டத்துக்குப் பதிலாக இரண்டு இரும்புக் கர்டர்கள் குறுக்கே போகின்றன. சிறுவயதில் அவற்றின் பக்கவாட்டில் எழுத்துகள் புடைத்திருப்பதைப் பார்த்த நினைவு இருந்தது. ஆண்டுதோறும் அடித்த சுண்ணாம்பில் அவை மூடிப்போயிருந்தன.

ஏணி போட்டு ஏறி, கொத்துக் கரண்டியால் மெதுவாகச் சுரண்டினேன். சுண்ணாம்புக்குக் கீழே சிவப்பு வண்ணம், அதற்கும் கீழே கறுத்த இரும்பு. எழுத்துகள் அரை விரற்கடை உயரம் கூடப் புடைத்திருக்கவில்லை, ஆனாலும் கூர்மை சற்றும் குறையவில்லை. முதலில் "லாங்" தெரிந்தது. இடப்புறம் இன்னும் ஒரு முழம் சுரண்டியதும் "டார்மன்" வந்தது. வலப்புறம் சுவருக்குள் புதையும் இடத்துக்கு அருகே "மிடில்ஸ்பரோ" என்று இருந்தது. கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்த அம்மா, அது என்ன ஊர் என்று கேட்டார்கள். நண்பர் தீஸ்முனை எழுதியதை ஏணியில் நின்றபடியே அவர்களுக்குப் படித்துக் காட்டினேன்.

அந்த மூன்று அடியை இனிச் சுண்ணாம்பு அடிக்காமல் விடச் சொல்லியிருக்கிறார்கள்.